கிளாரி சொன்னதாகச் சொல்வது

எங்கள் ஊரில் கடல் காணாமல் போகும். காலையில் படகுத்துறையின் கால்களை நனைத்துக்கொண்டிருக்கும். மதியம் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான், வெயிலில் பளபளத்துக் கிடக்கும். படகுகள் ஒருக்களித்துத் தூங்கும். தண்ணீர் திரும்பும்வரை எந்தப் படகும் நகராது. அந்த வேளையில் ஊரில் பாதிப் பேர் அரைத் தூக்கத்தில் இருப்பார்கள், மீதிப் பேர் கிளாரியின் மதுக்கடையில் இருப்பார்கள்.

கிளாரி அதிகம் பேசமாட்டார். வேலையை உதறியவன், காதலியோடு முறைத்துக்கொண்டவன், யார் வந்து பொருமினாலும் கண்ணாடிக் குவளையைத் துடைத்தபடி ஒன்றைத்தான் சொல்வார். "தண்ணி திரும்புற வரைக்கும் இரு. அப்புறம் முடிவு பண்ணு." அதைக் கேட்டு இந்த ஊரிலேயே தங்கிவிட்டவர்களில் நானும் ஒருத்தி.

அவர் இறந்த மறுவருஷம் அந்த வரி சமையலறைத் துண்டுகளில் அச்சாகி நகரத்திலிருந்து வந்தது. கீழே யாரோ பழைய சீன ஞானியின் பெயர். எங்களுக்கு வந்த கோபத்தைக் கேட்கவா வேண்டும்.

"அந்த ஆளு நம்ம சேத்துல என்னைக்குக் கால வச்சான்?" என்று குதித்தான் ஊர்மன்ற உறுப்பினன் டெரில். கடலைப் பார்த்து ஒரு பெஞ்சு போட்டு, பித்தளைத் தகட்டில் வரியையும் கிளாரி பெயரையும் பொறிப்பதென்று முடிவாயிற்று. நியாயம் கிடைத்துவிட்டதென்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோம். அவர் மனைவி டல்சியை மட்டும் யாரும் கேட்கவில்லை. கடையின் பின்கட்டில் மீன் பொரித்தே வயதானவள் அவள்.

திறப்புக்கு முதல் நாள் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அது அவர் வார்த்த இல்லடி. என்னோடது. கல்யாணமான புதுசுல, வேற ஒருத்திகிட்டப் போறேன்னு பெட்டியத் தூக்கிட்டுப் படகுக்குப் போனார். படகு சேத்துல கெடந்துச்சு. நான் முழங்கால் சேத்துல நடந்து போய் அதச் சொன்னேன்."

நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"சொன்னா செத்தவர் மானம் போகும். சொல்லலேன்னா, நான் சொன்ன ஒரே நல்ல வார்த்தையும் என்னோடது இல்லாமப் போகும்."

மறுநாள் கேக்கும் தேநீருமாக ஊரே கூடியிருந்தது. தூரத்தில் எங்கோ வெள்ளிக்கோடாகக் கடல். டெரில் திரையை விலக்கிவிட்டு அவளை ரெண்டு வார்த்தை பேசச் சொன்னான். பேசினாள். பெட்டி, படகு, சேறு, எல்லாவற்றையும் நிதானமாக, பழைய கனவைச் சொல்வதுபோல் சொன்னாள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

டெரிலின் முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சிரு டல்ஸ். நாளைக்கே தகட்டக் கழட்டி உன் பேரப் போட்டுடறேன்."

டல்சி பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பெயரை விரலால் ஒருமுறை தடவினாள்.

"வேணாம் டெரில், இருக்கட்டும். நான் சொல்லத்தானே செஞ்சேன். போகாம இருந்தது அவர்."