ஜாரவா காட்டில் நின்ற வேன்

சிவப்பிரகாசத்தின் அப்பா பரமக்குடிப் பக்கத்திலிருந்து அந்தமானுக்கு ரோடு போடும் வேலைக்கு வந்து, அப்படியே தங்கிவிட்டவர். மகன் அதே ரோட்டில் வேன் ஓட்டிப் பிழைத்தான். ரங்கத் பஜாரில் ஆள் ஏற்றி போர்ட் பிளேரில் கொண்டுபோய் இறக்குவான். கப்பலுக்குப் போகிறவர்கள்தான் பெரும்பாலும்.

வேன் அவன் வாங்கும்போதே பழசு. முன் சீட்டுக்கு அடியில் இன்ஜின். மழை விட்டதிலிருந்து அது சூடேற ஆரம்பித்திருந்தது. ரங்கத் மெக்கானிக் பழனியாண்டி முதலில் ரேடியேட்டரைக் கழற்றி அலசினான். ரெண்டு நாள் ஓடியது, மறுபடி கொதித்தது. தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்தான். ரேடியேட்டர் ஃபேனை நேரடியாக பேட்டரியில் இணைத்தான். வாட்டர் பம்ப் மாற்றினான். ஒவ்வொரு தடவையும், “இனிமே பாருண்ணே” என்பான். போர்ட் பிளேர் போகும் வழியில் கதம்தலா ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் மறுபடி சிவப்புக்கு ஏறிவிடும்.

அந்த நேரத்தில்தான் ஊரிலிருந்து போன் வந்தது. அவன் மனைவி ரூபாவின் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ரூபா ஒரே மகள். கப்பலுக்கு டிக்கெட் போட்டாள், போவதற்கு மட்டும். அவன் அதைப் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. பரமக்குடிக்கே போய்விடலாம் என்று அவள் சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் சொல்வதையே விட்டிருந்தாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் பேச்சு நின்றால் முழுசாக நின்றுவிடும்.

“நான் பஸ்ல போயிக்கிறேன். உங்க வண்டிய நம்பி வர முடியாது” என்றாள்.

“நானே கொண்டுபோய் விடுறேன். வேற சவாரி ஏத்தல.”

வண்டியை விற்றுவிட்டு நானும் வந்துவிடுகிறேன் என்று போகும் வழியில் சொல்லத்தான் அவளைத் தனியாக அழைத்துப் போக நினைத்தான். ஆனால் அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பாராடாங் தாண்டி, படகில் வேனை ஏற்றி மிடில் ஸ்ட்ரெய்ட் கரையில் இறங்கும்வரை ரோட்டையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

அங்கிருந்து காடு. ஜாரவா பழங்குடிகளின் காடு. வண்டிகளை வரிசையாக நிற்கவைத்து, போலீஸ் காவலோடு ஒன்றாக அனுப்புவார்கள். நடுவில் நிறுத்தக் கூடாது, ஜன்னலைத் திறக்கக் கூடாது. காத்திருந்த நேரத்தில் இன்ஜின் ஆறியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினான். ஸ்டார்ட் செய்ததும் உள்ளேயிருந்து குமிழ் குமிழாக வந்தது. காற்று அடைத்திருக்கும் என்று நினைத்துக் கொஞ்சநேரம் அப்படியே ஓடவிட்டான். குமிழ் நிற்கவில்லை. அதற்குள் கேட் திறந்துவிட்டது.

பாதிக் காடு தாண்டவில்லை, முள் ஏறியது. பின்னால் வந்த டூரிஸ்ட் கார் ஹாரன் அடித்தது.

“ஹீட்டரப் போடுறேன்” என்றான்.

“இந்த வேக்காட்டுலயா?”

“இன்ஜின் சூட்டக் கொஞ்சம் உள்ள இழுக்கும். வேற வழி தெரியல ரூபா.”

முகத்தில் அனலாய் அடித்தது. மூடிய ஜன்னலுக்குள் இருவரும் வியர்வையில் குளித்தார்கள். ரூபாவின் சீட்டு கொதித்தது. அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு நுனியில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதை இப்போது சொல்லிவிடலாமா என்று அவன் நினைத்தான். அவள் பக்கம் திரும்பினான். அவள் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போகுமா?” என்று கேட்டாள்.

அடுத்த ஏற்றத்தில் சீட்டுக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. வேன் இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது.

வண்டிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கிப் போயின. ஒன்றும் நிற்கவில்லை, நிற்கவும் கூடாது. கடைசியில் வந்த போலீஸ் ஜீப்பிலிருந்து ஒருவர் இறங்கி, இங்கே நிற்கக் கூடாதென்று இந்தியில் கத்தினார்.

“இன்ஜின் பந்த் ஹோ கயா சாப்” என்றான் சிவப்பிரகாசம். “இவங்களுக்கு சாயங்காலம் ஜகாஸ் இருக்கு, கப்பல்.”

போலீஸ்காரர் ரூபாவைப் பார்த்தார், ஆவியைப் பார்த்தார். வரிசைக்கு முன்னால் போன போலீஸை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, சற்று முன் தாண்டிப் போன அரசு பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். “ஜல்தி, ஜல்தி” என்று அவசரப்படுத்தினார். சிவப்பிரகாசம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கண்டக்டர் கைநீட்டிப் பெட்டியை வாங்கிக்கொண்டார். ரூபா படியில் ஏறியவள் திரும்பித் தண்ணீர் பாட்டிலை அவனிடம் கொடுத்தாள்.

“வச்சுக்குங்க. எப்ப வருவாங்களோ.”

“போன் பண்ணு” என்றான். அதுதான் வந்தது. பஸ் புறப்பட்டுவிட்டது.

இழுவை வண்டி வரும்வரை காவலுக்கு விட்டுப்போன கான்ஸ்டபிளும் அவனும் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். இன்ஜின் ஆறியபின் அவள் கொடுத்த தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிப் பார்த்தான். அத்தனையையும் குடித்தது, தண்ணீர் எங்கே போனதென்றே தெரியவில்லை. காட்டில் சிக்னல் கிடையாது. காடு தாண்டி ஃபெரார்கஞ்சில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேனை இறக்கியபோது கப்பல் கிளம்பி நேரமாகியிருந்தது. ரூபாவின் போன் கிடைக்கவில்லை.

மறுநாள் அங்கிருந்த மெக்கானிக் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைத் திறந்தார். கேஸ்கெட் எரிந்து, ஹெட் கோணி, ஓரத்தில் விரிசலே விட்டிருந்தது. “குமிழ் வந்தப்பவே திறந்திருக்கணும். மத்ததெல்லாம் மாத்தி என்ன பிரயோஜனம்? ஹெட்டு மெயின்லாண்ட்லேர்ந்துதான் வரணும். இந்த மாடலுக்குக் கிடைக்குமான்னே தெரியாது” என்றார். இதைக் காயலான் கடையில்தான் கேட்பார்கள் என்பதையும் அவரே சொன்னார்.

நாலைந்து நாள் கழித்து ரூபா போன் செய்தாள். கடலில் சிக்னல் இல்லை, வாந்தி, இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன் என்றாள். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கவே இரண்டு ஆள் வேண்டியிருக்கிறது என்றாள்.

“வண்டி சரியாச்சா?”

“பாத்துக்கிட்டிருக்காங்க” என்றான். விற்றுவிட்டு வருகிறேன் என்று இனி எதை வைத்துச் சொல்வது? கேட்டான்: “நீ எப்ப வர்றாப்புல?”

“அம்மா எந்திரிக்கட்டுங்க. இப்ப என்னத்தச் சொல்றது.”

இப்போது சிவப்பிரகாசம் ஒரு காண்டிராக்டரின் டெம்போவில் ஜல்லி லோடு அடிக்கிறான். காலையில் எழுந்து ஒரு ஆளுக்கு மட்டும் சோறு வடிக்கிறான். அளவு தெரியாமல் தினமும் மிஞ்சிவிடுகிறது.