வீட்டு அரிசி என்று நான் சொன்னது

குறுவை நெல் வந்து இறங்கும் நாட்களில் ஆலை முழுக்க ஈர வைக்கோல் வாசம் அடிக்கும். அந்த வாசத்தில் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னேன்.

எங்கள் அரிசி ஆலை திருவையாறு சாலையில் இருக்கிறது. நான் அங்கே நெல் கொள்முதல் பார்க்கிறேன். தரம் பார்க்கும் ஆய்வகத்துக்கு ஆள் தேடினார்கள். பக்கத்து ஊர்ப் பெண் ஒருவரை விண்ணப்பிக்கச் சொன்னதே நான்தான். சென்னையில் நாற்பதாயிரம் சம்பளத்தில் ஒரு வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. இரண்டு வயதுக் குழந்தையை விட்டுப் போக மனமில்லை, இங்கேயே நாற்பது தந்தால் இருந்துவிடுவேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

மேலாளர் லாரியைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தப் பொண்ணு எவ்வளவுக்கு வரும்?"

"சொந்த வீடு சார். வீட்டு அரிசி. முப்பத்திரண்டு குடுத்தா வந்துருவாங்க."

யாரும் என்னை மிரட்டவில்லை. குறைத்துச் சொன்னால் அவருக்கு வேலை உறுதியாகும் என்று நினைத்தேன். அது பாதி உண்மை. மேலாளர் தலையாட்டியபோது, அவருக்கு வேண்டியவனாகிவிட்டேன் என்று எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது, அது மீதிப் பாதி. வாடகை இல்லை, அரிசி வாங்க வேண்டாம், அப்புறம் எதற்குப் பட்டணத்துச் சம்பளம்? இந்தப் பக்கத்து முதலாளிகளின் கணக்கு இது. என் சம்பளமும் இப்படிக் கழிக்கப்பட்டதுதான். அதே கழித்தலை, வயலில் அவர் கணவர் நின்று விளைவித்த நெல்லை வைத்து, அந்தப் பெண்ணின் படிப்பின் மீது நான் போட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு ஆலையிலிருந்து கடிதம் வந்தது. முப்பத்திரண்டு. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து. ஆலைக்கு எதிரே டீக்கடையில் என்னைப் பிடித்தார்.

"வீட்டு அரிசி இருக்குல்லன்னு மேனேஜர் சார் சிரிக்கிறாருண்ணே. அவருக்கு எப்படித் தெரியும்? எங்க மாமனார்தான் எங்கயோ உளறியிருப்பாருன்னு நாலு நாளா அவரோட பேச்சே இல்ல. பாவம், மனுஷன் தானே சோத்தப் போட்டுத் தின்னுட்டுப் போறாரு."



"நான்தாம்மா சொன்னேன்."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். தம்ளரை மெதுவாக வைத்தார்.

"நல்லா வேல வாங்கிக் குடுத்தீங்கண்ணே. முன்னாடி அங்க இருந்தவரு எவ்வளவு வாங்குனாரு? அதயாவது நெசமாச் சொல்லுங்க."

அடுத்தவர் சம்பளத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது ஆலையில் எழுதாத சட்டம். சொன்னேன். நாற்பத்தொன்று.

நேராக மேலாளர் அறைக்கு நடந்தார். பின்னால் நானும் போனேன்.

"முன்னாடி இருந்தவருக்கு நாப்பத்தொண்ணு சார். எனக்கு நாப்பது குடுங்க."

மேலாளர் என்னைப் பார்த்தார். "முப்பத்திரண்டுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன் சார். நாப்பதுதான் நியாயம்."

"முதலாளிகிட்ட சொல்லி முடிச்சாச்சே! இப்பப் போய் மாத்தினா என்னை என்ன நினைப்பாரு? முப்பத்தஞ்சு. அதுக்கு மேல ஆகாதும்மா."

கையெழுத்துப் போடாத கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு அந்தப் பெண் வெளியேறினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போனார். குழந்தை அப்பாவோடும் தாத்தாவோடும் இங்கே.

அடுத்த மாதம் ஆய்வகத்துக்கு வெளியூர்க்காரர் ஒருவரை எடுத்தார்கள். நாற்பது கேட்டாராம், கொடுத்துவிட்டார்கள். எவ்வளவுக்கு வருவார் என்று இந்த முறை யாரும் என்னிடம் கேட்கவில்லை.