சல்லடைக் கண்ணில் இருந்த பொடி

எடப்பாடிக்காரர் ஒருவர், சேலத்தில் நான் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குத் துண்டில் முடிந்த பழைய சுவர்க் காரைக் கட்டிகளோடு வந்தார். அவருடைய பழைய வீட்டின் முன்பாதியில் விசைத்தறி ஓடுகிறது. அந்தச் சுவரில் சிமெண்டு எத்தனை முறை பூசினாலும் உரிந்துவிடுகிறதாம்.

"அந்தக் காலத்துல என்ன சுண்ணாம்பு போட்டாங்கன்னு தெரிஞ்சா போதுமுங்க அம்மிணி. எங்க கொத்தனாரு அதே மாதிரி பூசிருவாருங்க."

காரையை இடித்துச் சலித்து, மணல் போக மிஞ்சும் மாவில் ஒரு சிட்டிகையை எடை பார்க்கும் உலையில் வைப்பேன். சூடு ஏற ஏற அதன் எடை குறையும். சாதாரணச் சுண்ணாம்புக் காரை எழுநூறு டிகிரிக்குப் பக்கத்தில்தான் குறையத் தொடங்கும். மக்னீசியம் கலந்திருந்தால் ஐந்நூற்றுச் சொச்சத்திலேயே, திரையில் எடையைக் காட்டும் கோடு ஒரு படி இறங்கிவிடும். இவருடைய காரையில் அந்தப் படி தெளிவாகத் தெரிந்தது. மக்னீசியச் சுண்ணாம்பு என்று எழுதிக் கொடுத்தேன். அவரும் அலைந்து திரிந்து ஒரு சூளையில் அதே வகையைச் சுடச் சொல்லி வாங்கிப் பூசினார்.

ஐப்பசி மழையில் போன் வந்தது. "அம்மிணி, செவுரு வெடிச்சுப் போச்சுங்க."

மறுநாளே போனேன். பூச்சு அப்பளம்போல ஊதி நின்றது. பாய் அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து தறியின்மேல் விழுந்து, பாவு நூல் முழுவதும் அறுந்து தொங்கியது. விழுந்த துண்டுக்கடியில் ஒரு ஸ்டூல் நசுங்கிக் கிடந்தது.

"நூலு அறுந்ததை முடி போட்டுட்டு அப்பத்தான் எந்திரிச்சேனுங்க" என்றார் அவர் மனைவி.

"கொத்தனாரு சுண்ணாம்பைச் சரியா ஊற வெக்காம ஏமாத்திட்டாருங்க. இனி இந்த ஊட்டுப் பக்கமே வராதீங்கன்னு சொல்லிட்டேன்" என்றார் தறிக்காரர்.

நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். விழுந்த பூச்சில் ஒரு துண்டை எடுத்துவந்து, அதோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அவர் முதலில் தந்த காரையில் மீதியிருந்ததை ஆய்வுக்கூடத்தில் மறுபடி சலித்தேன். பழைய சல்லடை கிழிந்திருந்ததால் புதியதை எடுத்தேன். கோடு எழுநூறுவரை நேராகப் போனது. ஐந்நூறில் படியே இல்லை. இன்னொரு தடவை வைத்தேன். அப்போதும் இல்லை.

பதிவேட்டைப் புரட்டினேன். அவருடைய காரைக்கு முந்தின நாள் அதே சல்லடையில் சலித்தது, சுரங்கத்திலிருந்து வந்த, மக்னீசியம் நிறைந்த மக்னசைட் கல். தட்டித் துடைத்துவிட்டுக் கழுவாமல் விட்டிருக்கிறேன். கிழிந்த சல்லடையின் கண்களைச் சுரண்டி, அந்தப் பொடியை உலையில் வைத்தேன். ஐந்நூற்றுச் சொச்சத்தில் கோடு செங்குத்தாக இறங்கியது. அவர் வாங்கிய வகைச் சுண்ணாம்பில் ஒரு பகுதி தண்ணீரில் ஊறியும் உடனே நீறிப் பொடியாகாது. பூசிய பிறகு ஈரம் பட்டுத்தான் மெல்ல நீறி ஊதும். கொத்தனார் எத்தனை நாள் ஊற வைத்திருந்தாலும் அது வெடித்திருக்கும்.

திருத்திய அறிக்கையோடு எடப்பாடிக்குப் போனேன். "தப்பு என்னுதுதாங்கண்ணா" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். தறி ஓடவில்லை.

அவர் மனைவிதான் முதலில் பேசினார். "நான் எந்திரிக்காம இருந்திருந்தா?"

தறிக்காரர் சட்டையை எடுத்து மாட்டினார். "கெளம்புங்க, கொத்தனாரு ஊட்டுக்குப் போலாம்."

கொத்தனார் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நடந்ததை அவரிடமும் சொன்னேன்.

"நானே எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்னு நெனச்சுட்டனுங்க. அன்னையிலிருந்து பூச்சு வேலைக்கே போகலீங்க" என்றார். பிறகு என்னை விட்டுவிட்டுத் தறிக்காரரைப் பார்த்தார். "இருவது வருசமா உங்க ஊட்டுக்கு வேலைக்கு வாரேன். நீங்க ஏனுங்க என்னைய ஒரு வார்த்தை கேக்கலை?"

தறிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான்.

தை மாதம் கொத்தனாரே வந்து எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டுச் சாதாரணச் சுண்ணாம்பு பூசினார். கொத்தி எடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க நானும் இடிபாடு அள்ளிப் போட்டேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு மழைக்காலம் கடந்தும் பூச்சு கெட்டியாக இருக்கிறது. தறிக்காரர் மனைவி மட்டும் தன் ஸ்டூலை அந்தச் சுவரை விட்டுத் தறிக்கு மறுபக்கம் போட்டுக்கொண்டுவிட்டார்.