அப்பா பேசிய விஞ்ஞானம்

என் அப்பா வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் விஞ்ஞானம் பேசினார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து வந்த குடும்பம் எங்களுடையது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ரயில்வே ஆபீசில் கிளார்க். அவருடைய தங்கையான மாமியும், பள்ளிக்கூட வாத்தியாரான சித்தப்பாவும் எங்களோடுதான். சித்தப்பா அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவர்.

ஒரு ஞாயிறு காலை, சித்தப்பா தான் வளர்த்த சின்ன மெர்போக் பெட்டைப் புறாவின் கூண்டுக்குள் ஆண் புள்ளிப்புறா ஒன்றையும் விட்டிருந்தார். அது கழுத்தை உப்பி, தலையை ஆட்டி ஆட்டிக் கூவியது. பெட்டை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏன் சித்தப்பா?"

"அதின்ர பாட்டு இதுக்குப் பிடிக்கேல்லை, பிள்ளை."

எத்தனையோ யுகத்துக்கு முன்னால் இரண்டுக்கும் ஒரே மூதாதைதான் என்றார். கூட்டம் பிரிந்து வெவ்வேறு இடம் போனதாம். அந்தந்த இடத்து இரைக்கும் ஆபத்துக்கும் தோதான உடம்போடு பிறந்தவை பிழைத்துக் குஞ்சு பொரித்தன. பெட்டைகளும் தங்களுக்குப் பிடித்த கூவலையும் நிறத்தையும் பார்த்தே ஆணைத் தெரிந்தெடுத்தன. தலைமுறை தலைமுறையாக இப்படியே போய், பக்கத்தில் விட்டாலும் சேராத இரண்டு இனமாகிவிட்டனவாம்.

சாய்மனைக் கதிரையில் படுத்திருந்த அப்பாவும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து, செந்தூல் ரயில் பட்டறையில் வேலைசெய்த பிட்டர் ஒருவர் வெற்றிலைத் தட்டோடு வாசலில் வந்து நின்றார். ரப்பர் எஸ்டேட் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் தையல் மெஷினைப் பழுதுபார்க்க வந்துபோனதில் மாமிக்கும் அவருக்கும் மனம் ஒத்திருந்தது.

"ஐயா, ஒங்க தங்கச்சிய மொறையா கேக்கலாம்னு வந்தேன்."

அப்பா அவரை உட்காரச் சொல்லவில்லை. கூண்டைக் காட்டினார்.

"இதைப் பாரும். ஒரே கூண்டுக்குள்ள விட்டாலும் சேருதில்லை. நீங்கள் வேற இனம், நாங்கள் வேற இனம். நான் சொல்லேல்லை, படிச்ச என்ர தம்பி சொல்லுறான்."

பிட்டரின் முகம் கறுத்துப்போனது. பெண் கேட்டு வந்த மனிதரை வாசலில் நிறுத்திவைத்துப் புறாவைக் காட்டுவதா? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

கதவருகே நின்ற மாமி வெளியே வந்தாள்.

"அந்தக் கூண்டுக்குள்ள வேண்டாமெண்டது ஆர்? பெட்டைதானே? அதின்ர தமையன் இல்லையே?"

"உள்ள போடி!" என்று அப்பா கத்தினார்.

பிட்டர் தட்டோடு திரும்பிப் போனார். நான் சித்தப்பாவிடம் ஓடினேன்.

"அப்பா சொன்னது சரியா?"

"பிழை," என்றார் மெதுவாக. "மனுசர் எல்லாரும் ஒரே இனம்தான்."

"அப்ப ஏன் நீங்கள் சொல்லேல்லை?"

அவர் புறாவுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

சில மாதங்களில் மாமி உடுத்த சேலையோடு செந்தூலுக்குப் போய் அவரையே கட்டிக்கொண்டாள். அப்பா சாகும்வரை அவள் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது. மாமியின் மூத்த மகனுக்கு அச்சு அசலாக அப்பாவின் மூக்கு. அதை அவர் ஒரு நாளும் பார்க்கவில்லை.

அன்று அந்தக் கேள்வியைக் கேட்டபோது மாமி அப்பாவைப் பார்க்கவில்லை, சித்தப்பாவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பேசியவர் அப்பா, இவள் ஏன் சித்தப்பாவிடம் கேட்கிறாள் என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது.