பூஜையில் மாட்டிக்கொண்ட பட்டாளச் சட்டை

எங்கள் அப்பா பட்டாபி ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பல் தேய்த்துக்கொண்டே வலியசாலைத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்வருவார். தோசையை நின்றபடி தின்பார். ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அதாவது மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளம். இருபத்திரண்டு வருஷமாகக் கண்டுபிடிக்கிறார். வீட்டில் அதையே இலவசமாகச் செய்கிறார்.

நாலு வருஷம் முன்னால் அவருக்குப் பட்டாளம் பிடித்துக்கொண்டது. ஏன் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு பதில் வரும், அதனால் கேட்பதை விட்டுவிட்டோம். ரிட்டயர்ட் சுபேதார் ஸ்ரீகண்டன் பன்னிரண்டு பேரைச் சேர்த்து, 1944-இல் பர்மாப் போர்முனையிலிருந்த சிப்பாய்கள் மாதிரியே உடுத்தி, வருஷம் ஒரு தடவை ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் அந்தச் சண்டையை நடத்திக்காட்டுவார். விதி ஒன்றுதான். உடம்பில் இருக்கும் எதுவும் 1944-க்குப் பிந்தியதாக இருக்கக்கூடாது. அப்பாவின் கடைவாய்ப் பல்லில் அடைத்திருக்கும் சிமெண்டுக்கு மட்டும் விலக்கு.

சண்டைக்கு முன்னால் சோதனை உண்டு. முதல் வருஷம் பெல்ட்டின் கொக்கி பித்தளை இல்லை என்று ஸ்ரீகண்டன் அப்பாவை வெளியே நிறுத்தினார். அடுத்த வருஷம் சட்டைத் துணியில் பாலியெஸ்டர் கலப்பு. போன வருஷம் எல்லாம் சரி, சட்டையின் மூன்றாவது பட்டன் மட்டும் பிளாஸ்டிக். பழைய பட்டன் அறுந்துபோக, சாலைக் கடைத்தெருத் தையல்காரர் அருமைநாயகம் கைக்குக் கிடைத்ததை வைத்துத் தைத்துவிட்டார். ஊர்பூராவும் தப்புக் கண்டுபிடிக்கிற மனுஷர், தன் நெஞ்சின்மேல் இருந்ததைப் பார்க்கவில்லை.

மூன்று வருஷமும் அப்பா ஜனங்களோடு நின்றுதான் சண்டையைப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று கடலை தின்றேன். நீட்டினால் ஒன்றுகூட எடுத்துக்கொள்ளமாட்டார்.

இந்த வருஷம் கடைசி வாய்ப்பு. இதிலும் தேறாவிட்டால் பன்னிரண்டாவது இடத்தைக் காத்திருக்கும் ஒரு பல் டாக்டருக்குக் கொடுத்துவிடுவேன் என்று ஸ்ரீகண்டன் சொல்லிவிட்டார். அப்பா தேங்காய்ச் சிரட்டையை அறுத்து, அராவி, நாலு துளை போட்டு, தாமே ஏழு பட்டன் செய்தார். சிரட்டை 1944-லும் இருந்ததுதானே என்று ஸ்ரீகண்டன் ஒத்துக்கொண்டார். சோதனை மஹாநவமியன்று காலை ஒன்பது மணிக்கு, சண்டை விஜயதசமி சாயங்காலம்.

இங்கேதான் நான் ஒரு வேலை செய்தேன்.

துர்காஷ்டமி சாயங்காலம் அம்மா பூஜை வைக்க ஆரம்பித்தாள். எங்கள் ஊரில் அன்றைக்குப் புஸ்தகமும் ஆயுதமும் பூஜைக்குள் போனால், விஜயதசமி காலைவரை யாரும் தொடக்கூடாது. பிளஸ் டூ பிஸிக்ஸில் இரண்டு தடவை தோற்றவளுக்கு இதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. பதினோரு புஸ்தகத்தையும் தூக்கிக்கொண்டு போனேன். போகிற போக்கில் அம்மாவிடம், அப்பாவின் மரத்துப்பாக்கியும் ஆயுதந்தானே, அதை விட்டால் துர்க்கைக்குக் கோபம் வராதா என்று கேட்டேன். துப்பாக்கிக்கு ஒரு சந்தன மீசை வரும், அப்பா குதிப்பார், அதோடு முடியும் என்று நினைத்தேன்.

அம்மா பேர் பாகீரதி. எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். பாதி ஆயுதம் வைக்கப்படாது என்று சொல்லிவிட்டு சட்டை, நிக்கர், பெல்ட், தோட்டாப் பை, இரும்புத் தொப்பி, தண்ணீர் பாட்டில், காலில் சுற்றும் கம்பளிப் பட்டி எல்லாவற்றையும் மடித்து அடுக்கினாள். மேலே என் புஸ்தகங்கள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். நாலு வருஷமாக அந்தச் சாமான்களைத் திட்டியவள் சட்டையை இஸ்திரி வேறு போட்டிருந்தாள். பூட்ஸ் மட்டும் தோல் என்பதால் வாசல் குழாயடியிலேயே கிடந்தது.

அப்பா பைபாஸ் நெரிசலில் மாட்டி எட்டு மணிக்கு வந்தபோது விளக்கு ஏற்றியாகிவிட்டது. அவர் கத்தவே இல்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். பூஜையைக் கலைக்க அவருக்கும் மனசு வரவில்லை. நான்தான் காரணம் என்று சொல்ல மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அப்பா மைதானத்துக்கு வேஷ்டியும் பட்டாள பூட்ஸுமாகப் போனார். ஸ்கூட்டரில் பின்னால் நான். பதினோரு சிப்பாய்கள் விறைப்பாக நிற்க, பன்னிரண்டாவது ஆள் வேஷ்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஸ்ரீகண்டன் சிரிக்கவில்லை. அப்பாவின் காலைத் தூக்கச் சொல்லி அடியில் பதின்மூன்று ஆணிகளையும் எண்ணினார். பிறகு, பாக்கி எங்கே என்றார். பூஜையில் என்றார் அப்பா. சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

மத்தியானம் ஸ்ரீகண்டனே வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல் குனிந்து சோதனை போட்டார். தொப்பி சரி. கொக்கி பித்தளை. பாட்டிலுக்குக் கார்க் மூடி, சரி. சட்டையில் காலர் மட்டும் வெளியே தெரிந்தது. மற்றதெல்லாம் என் புஸ்தகங்களுக்கு அடியில்.

"மூணாவது பட்டன்?"

"சிரட்டைதான். நானே தைச்சேன்," என்றார் அப்பா.

"கண்ணால காணாத்த பட்டனுக்கு நான் பாஸ் கொடுக்கில்ல, ஸாரே. போன வருஷம் ஓர்மை உண்டல்லோ?" என்று மலையாளம் கலந்து நினைவூட்டினார் ஸ்ரீகண்டன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா விளக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எடுக்கப்படாதுன்னா எடுக்கப்படாது. நாளைக்குக் கார்த்தால எடுத்துக்கலாம்."

விஜயதசமி ஒத்திகைக்கு வேன் காலை ஆறரைக்குப் புறப்படும். ஆறு மணிக்கு வருகிறேன், வேன் புறப்படுவதற்குள் சட்டை வெளியே வராவிட்டால் டாக்டர் ஏறிக்கொள்வார் என்று சொல்லிவிட்டு ஸ்ரீகண்டன் போனார்.

காலையில் பூஜை முடிய ஆறேகால் ஆகிவிட்டது. வாசலில் வேன். அப்பா பூட்ஸ் மாட்டிக்கொண்டு கல்படியில் டக் டக்கென்று இந்தக் கால் அந்தக் கால் மாற்றிக்கொண்டிருந்தார். நான் புஸ்தகக் கட்டை அப்படியே வாரப்போனேன். அம்மா கையைப் பிடித்தாள்.

"மேல இருக்கறதை முதல்ல எடு. பிரி. ஒரு பக்கம் முழுசா வாசி. அப்பறந்தான் மத்தது."

மேலே இருந்தது பிஸிக்ஸ். நான்தான் வைத்திருந்தேன்.

காந்தப்புலம் பற்றிய பக்கம் வந்தது. டக் டக் சத்தம் நின்றது. ஸ்ரீகண்டன் வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேன்காரர் ஹாரன் அடித்தார். நடுவில் பத்து வரியை முழுங்கியிருந்தால் அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் முழுங்கவில்லை. ஒரு வரி விட்டால் அந்தப் பட்டன் பிளாஸ்டிக்காக மாறிவிடும் என்று ஏனோ பட்டது. திக்கித் திக்கி, படத்துக்குக் கீழே இருந்த பொடி எழுத்துவரை வாசித்தேன்.

சட்டை வெளியே வந்தது. ஸ்ரீகண்டன் மூன்றாவது பட்டனை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினார். "ஓகே," என்றார்.

தோட்டாப் பையில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்பியிருந்தது. அப்பா கட்டைவிரலால் பதறிப்பதறித் தேய்த்தார்.

"துடைக்கண்டா, ஸாரே," என்றார் ஸ்ரீகண்டன். "தசராவுக்கு எங்க பட்டாளத்திலயும் துப்பாக்கிக்குப் பொட்டு வைக்கும். நாப்பத்திநாலுலயும் வச்சிருக்கும்."

அப்பாவின் காலில் பட்டி சுற்ற உதவினேன். அவசரத்தில், குனிந்தபடியே சொல்லிவிட்டேன்.

"அம்மாகிட்ட துப்பாக்கியை வைக்கச் சொன்னது நான்தான்."

அப்பா அடுத்த காலை நீட்டினார். பிறகு, "வாசிச்சதுல நாலு தப்பு," என்றார். "இன்னும் இறுக்கிச் சுத்து."

சாயங்காலம் அம்மாவும் வந்தாள். புதிதாகச் சேருகிறவருக்கு ஒரே வேஷம்தான், முதல் குண்டுக்கு விழவேண்டும். அப்பா ஓடிவந்தார், வெடிச்சத்தம் கேட்டது, விழுந்தார். அதற்குமேல் சண்டை இருபது நிமிஷம் நடந்தது. புகைக்குள் மற்றவர்கள் ஓடினார்கள், தாண்டினார்கள், ஒருவர் அப்பாவின் கையையே மிதித்துவிட்டார்.

"மூச்சு விடறாரோடி?" என்று அம்மா கேட்டாள்.

 ஒரு பூட்ஸின் அடி எங்கள் பக்கம் இருந்தது. அந்தப் பதின்மூன்று ஆணிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுகூட அசையவில்லை. எல்லாம் முடிந்து அவர் எழுந்தபோதுதான் பார்த்தேன், என் கையில் கடலைப் பொட்டலம் பிரிக்காமலே இருந்தது.