இடப்பக்கத்து வேட்டைப்பல்

பல்லை நகர்த்துவது அவசரக்காரருக்கு ஏற்ற தொழில் இல்லை. ஒரு மாதம் தவம் கிடந்தால் ஒரு மில்லிமீற்றர் வரும், சிலவேளை அதுவும் வராது. நானோ தேத்தண்ணி ஆறும்வரைக்கும் பொறுக்கமாட்டாதவள். பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டு சோற்றைக் கூழாக்கிக் குடித்தவர்களே, ஆய்வு என்று ஒன்றைத் தொடங்கி நித்திரையைத் தொலைத்தவர்களே, என் பாடு உங்களுக்குத்தான் விளங்கும்.

வேட்டைப்பல்லை, அதுதான் கோரைப்பல்லை, பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் நல்லதா, ரப்பர்ச் சங்கிலி நல்லதா? இதுதான் என் ஆய்வு. ஒரே ஆளின் வாயில் வலப்பக்கம் ஸ்பிரிங், இடப்பக்கம் ரப்பர். இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போய் அளப்பேன். நாள் தவறினால் அந்த ஆளின் அளவு செல்லாது.

ஒரு வாய், இரண்டு நீதி

தோட்டவெளி ஜெனிபாவுக்குப் பதினாறு வயது. தகப்பன் பிரான்சிஸ் கரைவலை இழுக்கிறவர், கடலில் வளைத்த வலையைக் கரையில் நின்று இரண்டு பக்கமும் ஒன்றாக இழுக்கிற தொழில். இரண்டாம் முறை வந்தபோது, பிள்ளையின் பல்லுக்கு எடுத்த சாந்து அச்சை அவரிடம் பெருமையாக நீட்டினேன். "பாருங்கோ, வலப்பக்கம் வந்திட்டுது, இடப்பக்கம் பிந்தி நிக்குது." எனக்கு அந்த வித்தியாசம்தானே வேண்டும்! மனுசனின் முகம் கறுத்துப்போனது.

ஸ்பிரிங், ரப்பர், எலும்பு எல்லாவற்றையும் விளக்கினேன். கடைசியில் இரண்டு பக்கமும் சரிசமமாக வரும் என்றும் சொன்னேன். தலையாட்டினார். தலையாட்டினால் விளங்கிவிட்டது என்று நம்பினேன் பாருங்கோ, அதுதான் என் விசர்த்தனம். வாசலுக்குப் போனவர் திரும்பிச் சொன்னார்: "கரைவலையில ஒரு பக்கம் பிந்தினா வலையின்ர மடி திரும்பி மீன் முழுக்கப் போயிடும், டொக்டர். நீங்கள் ஒரு வாய்க்குள்ளயே ஓரவஞ்சனை செய்யிறியள்."

நெல்லா, பல்லா?

ஏற்கெனவே சிலர் ஆய்விலிருந்து கழன்றுவிட்டார்கள். இனி இரண்டு பேர் குறைந்தால் எல்லாம் முதலிலிருந்து என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். மூன்றாம் மாதம் அளக்கிற நாளில் நானாட்டான் ஊர்ப் பெடியன் ஒருவன் வரவில்லை. போன் எடுத்தால் மறுபக்கம் ஒரே இரைச்சல், வயலில் நெல்லு வெட்டுகிற மெசின் ஓடுகிறது. "தம்பி, பின்னேரத்துக்கிடையிலயாவது வாங்கோ, நாளைக்கு வந்தால் செல்லாது," என்று கெஞ்சினேன். நான் கெஞ்சுகிற ஆளே இல்லை! அவன் நிதானமாகச் சொன்னான்: "மெசினை விட்டா இனி எப்ப கிடைக்குமோ தெரியாது, டொக்டர். பல்லு எங்க ஓடப்போகுது?"

வலைக்காரன் முடிச்சு

அதே நாள் ஜெனிபா தகப்பனோடு வந்தாள். அவளும் போனால் ஆய்வு முடிந்த மாதிரித்தான். அளந்தேன். இடப்பக்கம் வலப்பக்கத்தை முந்தியிருந்தது! ரப்பர் இப்படி இழுக்குமா? சந்தோசத்தில் இன்னொருமுறை அளந்தேன், அதே அளவுதான்.

பிறகு பல்லை விரலால் தொட்டேன். ஆடியது. ஜெனிபா துடித்துப்போனாள். கண்ணாடியை வைத்துப் பார்த்தால், ரப்பருக்குக் கீழே ஒரு தங்கூசி, தூண்டிலுக்குக் கட்டுகிற நைலோன் நூல். வேட்டைப்பல்லிலிருந்து கடைவாய்ப்பல் வரைக்கும், வலை கட்டுகிறவர்களின் முடிச்சுப் போட்டு, இறுக்கிக் கட்டியிருந்தது. "ஆர் செய்த வேலை இது?" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே இருந்தவர்களும் எழும்பிவிட்டார்கள். கதிரையை விட்டு பிரான்சிஸ் மெல்ல எழும்பினார். "கரையால வந்து ஒவ்வொரு நாளும் பிந்தின பக்கத்தைக் கொஞ்சம் இழுத்துக் குடுத்தனான். பிழையோ, டொக்டர்?"

குளிர்ந்த பஞ்சு

பல்லை அளவுக்கு மிஞ்சி இழுத்தால் வேருக்கு இரத்தம் போவது நின்றுவிடும், பல் செத்துப்போகும். நூலை வெட்டி எறிந்தேன். குளிரூட்டிய பஞ்சைப் பல்லில் வைப்போம். கூசினால் உயிர் இருக்கிறது. "கூசினால் கையை உயர்த்துங்கோ, பிள்ளை."

வலப்பக்கம் வைத்தேன், உடனே கை உயர்ந்தது. இடப்பக்கம் வைத்தேன். கை அசையவில்லை. பிரான்சிஸின் வாய் "மாதாவே, மாதாவே" என்று முணுமுணுத்தது. பஞ்சை எடுக்கப் போனேன், அப்போதுதான் கை மெல்ல உயர்ந்தது. "கூசுது," என்றாள். அப்பாடா!

உதவிக்கு நின்ற சுகந்தி காதுக்குள் சொன்னாள்: "நூலை வெட்டியாச்சு, பல்லும் தப்பிட்டுது. அளவை எழுதிவிடுங்கோவன், ஆருக்குத் தெரியும்?" பேனையை எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், எழுதத்தான் எடுத்தேன். ஆனால் அந்தப் பொய் அளவை நம்பி நாளைக்கு வேறு பிள்ளைகளுக்கும் கம்பி போடுவார்கள். ஜெனிபாவின் பெயருக்கு மேல் கோடு போட்டேன். நானாட்டான் பெடியனோடு இரண்டு பேர் குறைந்தாயிற்று; ஆள் தேடத் தொடங்கியதிலிருந்து ஒரு வருச உழைப்பு போனது. ஆத்திரம் தாங்காமல் தகப்பன் பக்கம் திரும்பினேன். கம்பி போட்ட வாயோடு ஜெனிபா என் கையைப் பிடித்தாள்: "அப்பாவை ஏசாதேங்கோ, டொக்டர். எனக்கு நோகுதெண்டு ஒவ்வொரு நாளும் அழுதழுதுதான் இழுத்தவர்."

ஆய்வு மறுபடி முதலிலிருந்து நடக்கிறது; இந்த முறை பிள்ளைகளிடம் மட்டுமில்லை, கரைவலை இழுக்கிற தகப்பன்மாரிடமும் வாய்க்குள் கை வைக்கமாட்டோம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கம்பி போடுகிறேன்.