வரிசையின் முதல் ஆள்

கல்கத்தாவில், ஜாதவ்பூர் சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் இது ஆரம்பித்தது. மாப்பிள்ளைக்கு சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலை. மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே, சிக்கிம் மலையில் ஐந்து நாள் நடக்கப் போவதாகச் சொன்னார். வழிகாட்டி ஒருவர் கூட்டிக்கொண்டு போவார், கூடாரத்தில் தூங்க வேண்டும், நாலாம் நாள் உச்சியில் ஒரு ஏரி. என் மகள் போகிறாள், ஆபீஸ் சிநேகிதர்கள் மூன்று பேர் போகிறார்கள், அவருடைய அம்மாவும் போகிறார். கடைசியாகச் சொன்ன ஆளைக் கேட்டதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்ப நானும் வாரேன்."

மாப்பிள்ளை பயந்துவிட்டார். அவருக்குத் தமிழ் வரும், மரியாதைதான் பாதி வழியில் நின்றுவிடும். "அத்தை, நீங்க வராத. மேலே மூச்சு கஷ்டம்."

சம்பந்தியம்மா பருப்புக் கரண்டியோடு என்னைப் பார்த்தார். அவர் பேசுவதெல்லாம் வங்காளிதான், இத்தனை வருஷத்தில் எனக்கும் அது தண்ணீர்பட்ட பாடு. வங்காளிகள் சம்பந்தியைப் பேயான் என்பார்கள். நம் காதுக்கு முதலில் திடுக்கென்றிருக்கும், அப்புறம் பழகிவிடும். "வரட்டுமே. கூடாரத்துக்குக் காவல் வேணுமில்ல? நாங்க ஏரியைப் பாத்துட்டு வர்றதுக்குள்ள பேயான் சுடச்சுட தோசை சுட்டு வைப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பெற்ற மகளும் சிரித்தாள்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சம்பந்தியோடு பேசுவது கண்ணாடிப் பாத்திரத்தைக் கழுவுவது மாதிரி. ஒரு சொல் தவறினால் மூன்று வருஷம் பேச்சு இருக்காது. இவர்களுக்கோ சம்பந்தியைக் கேலி செய்வது முறையாம், செய்யாவிட்டால்தான் குறையாம். மகள் கல்யாணம் முடிந்து ஆறு வருஷம் ஆகியும் எனக்கு அது செரிக்கவில்லை. ஏரியை என் காலால் நடந்துபோய்ப் பார்க்காமல் பெஹாலாவில் இருக்கிற என் வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்ததும் கீழ் வீட்டு வங்காளிப் பெரியம்மா மாஷிமாவிடமும், என் கடைக்கு மாவு வாங்க வந்த அத்தனை பேரிடமும் சொல்லியும் வைத்தேன். இனி பின்வாங்க முடியாது பாருங்கள்.

சம்பந்தியம்மா ஒரு மாதம் விடியற்காலையில் ஊருக்குள் இருக்கிற லேக்கைச் சுற்றி நடந்து பழகினார். நான் எதற்குப் பழக வேண்டும்? நாற்பது வருஷமாக இட்லி மாவுக் கடையில் நின்ற கால் இது. மகள் வாங்கித் தந்த பூட்ஸை மட்டும் போட்டுக்கொண்டு மாடிப்படியில் நாலு தரம் ஏறி இறங்கினேன். புடவைக்கு அடியில் அவளுடைய பேண்ட். கண்ணாடியில் பார்க்கவில்லை.

ரயில், அப்புறம் ஜீப், அதற்குப் பிறகு ரோடு இல்லை. வழிகாட்டி ஐம்பது வயது மனிதர், அதிகம் பேசாதவர், இந்தியில் பேசுவார். எங்களை ஒரு மரப்பாலம் வரை சும்மா நடந்து காட்டச் சொன்னார். பாலத்தருகே நின்று ஒவ்வொருவர் காலையும் பார்த்தார். முகத்தைப் பார்க்கவே இல்லை.

"ஏரிக்கு யார் யார் வரலாம்னு மூணாம் நாள் சாயங்காலம் சொல்லுவேன்" என்றார். "நாலாம் நாள் பதினோரு மணிக்குள்ள மேலே போய்ச் சேரணும். அதுக்கப்புறம் மேகம் மூடிடும்." பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "மாதாஜி, நீங்க முதல்ல. இவங்களைத் தாண்டி யாரும் போகக் கூடாது."

என் காதில் அது நாதஸ்வரமாகவே விழுந்தது. எந்த நல்ல காரியத்திலும் மூத்த சுமங்கலியை முன்னால் விட்டுத்தானே மற்றவர்கள் வருவார்கள்? இந்த மலைக்காரருக்குக்கூட அந்த முறை தெரிந்திருக்கிறது. எனக்கு அடுத்தபடியாகச் சம்பந்தியம்மாவை நிறுத்தினார். அதுவும் சரிதான், என்னைவிட இரண்டு வயது இளையவர்.

இரண்டு நாள் அப்படித்தான் நடந்தேன். ஒரு பக்கம் ஆறு இரைந்துகொண்டு வந்தது, மறுபக்கம் பைன் மரங்கள், அதற்கும் மேலே வெள்ளையாக மலை. எனக்குப் பூ பார்க்க வேண்டுமென்றால் நின்றேன். நான் நின்றால் ஏழு பேரும் நின்றார்கள். ஆபீஸ் பையன்கள் மூவரும் கையில் அடியெண்ணும் கடிகாரம் கட்டியிருந்தார்கள். கடிகாரம் என்ன எண்ணியதோ, அவர்கள் பெருமூச்சை நான் எண்ணிக்கொண்டு வந்தேன்.

"சம்பந்தியம்மா, மெதுவா வாங்க, அவசரமில்ல" என்று அவ்வப்போது திரும்பிச் சொன்னேன்.

"நீங்க போங்க பேயான், போங்க. உங்க பின்னால வர்றதே சுகமா இருக்கு" என்றார் அவர், குரங்குக் குல்லாய்க்குள்ளிருந்து. கல்கத்தாவில் மார்கழியில் போடுகிற அதே குல்லாய், மூக்கும் கண்ணும் மட்டும் வெளியே. அந்தக் குரலில் அவ்வளவு சர்க்கரை இருந்ததே, அப்போதாவது நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் கூடாரத்தில் டீ குடிக்கும்போது மகளிடம் சொன்னேன். "படிச்சவங்களுக்குத் தெரியாத மரியாதை இந்த மனுசனுக்குத் தெரியுது பாரு. பெரியவங்களை எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்துதாரு."

அவளுக்குப் புரையேறிவிட்டது.

"என்னட்டி சிரிக்க?"

"அம்மா, அது மரியாதை இல்லம்மா. யாரு ரொம்ப மெதுவா நடக்கறாங்களோ அவங்களைத்தான் முன்னாடி விடுவாங்க. எல்லா டிரெக்லயும் அப்படித்தான். அப்பத்தான் யாரும் பின்னாடி தனியா மாட்டிக்க மாட்டாங்க."

ஆபீஸ் பையன்கள் டீயை மிகவும் கவனமாகப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. பதினோராயிரம் அடி உயரத்தில், குளிரில், காது சுட்டது. சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். அவர் பார்வையை விலக்கவில்லை.

"உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க கோவிச்சுக்கிட்டுப் பின்னால போயிடுவீங்க. அப்புறம் முதல் ஆள் நான்தானே?"

இதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். நான் என் தூக்கப்பைக்குள் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். வழிகாட்டி கையை நீட்டினார். நான் மலையைப் பார்த்தேன். சம்பந்தியம்மாவைப் பார்த்து நீட்டினார். அவர் குல்லாயைச் சரிசெய்துகொண்டே எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வழிகாட்டி தோளைக் குலுக்கினார். அவ்வளவுதான், ஆபீஸ் பையன்கள் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டியாக ஓடினார்கள்.

அவர்களைப் பிடிக்க நான் ஓட, என்னை விடக்கூடாதென்று சம்பந்தியம்மா ஓட, பத்து மணிக்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குள் கிரைண்டர் ஓடுகிற சத்தம். ஒரே பாறையில் இரண்டு பேரும் முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். மகளும் மாப்பிள்ளையும் எங்களுக்காக நிற்பதா, முன்னால் போனவர்களைத் தேடுவதா என்று நடுவில் அலைந்தார்கள். கல் மழை வேறு பெய்தது. நாங்கள் கூடாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, முதலில் ஓடிய பையன் தலைவலி தாங்காமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் வழிகாட்டி சாப்பாட்டுக் கூடாரத்துக்குள் வந்து நின்றுகொண்டே பேசினார். "இன்னிக்கு நீங்க மூணு துண்டா வந்தீங்க. துண்டு துண்டா வர்றவங்களை நான் ஏரிக்குக் கூட்டிட்டுப் போறதில்ல. நாளைக்கு ஒரே வரிசையா வந்தா எல்லாரும் போகலாம். இல்லன்னா யாரும் வேண்டாம், இப்படியே இறங்கிடுவோம்."

அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

என் நிலைமையை யோசியுங்கள். முன்னால் போனால் எல்லோரிலும் மெதுவானவள் நான்தான் என்று நானே ஒப்புக்கொண்டதாகும். போகாவிட்டால் ஏரி இல்லை, மாஷிமாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளைகளும் எட்டு மாதமாக லீவு சேர்த்துவைத்து வந்தவர்கள். போகத்தான் வேண்டும் என்று எனக்குத் தெரியும். நானாக எழுந்து சொல்ல வாய் வரவில்லை. மூலையில் போய், பூட்ஸ் கயிற்றில் இல்லாத முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

சிறிது நேரத்தில் சம்பந்தியம்மா எதிரே வந்து நின்றார். கையில் எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு. அதில் ஒரு பிஸ்கட் பாக்கெட், இரண்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, அவருடைய ஹோமியோபதி மாத்திரைக் குப்பி.

"இது என்ன?"

"கல்யாணத்துல பாத்தேனே. உங்க ஆளுங்க யாராவது கோவிச்சுக்கிட்டுத் தள்ளி உக்காந்தா தட்டோட போய்க் கூப்பிடணும். வெத்தலை பாக்கு இந்த உயரத்துல முளைக்கலையாம்." தட்டை நீட்டினார். குல்லாய் இல்லாத முகம் களைத்திருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பேயான், இன்னிக்கு எனக்கு ரொம்ப முடியல. உங்க நடையில வந்த ரெண்டு நாளும் எனக்கு மூச்சே வாங்கல. நீங்க முன்னால போனாத்தான் நான் ஏரியைப் பாப்பேன்."

கேலியா, நிஜமா என்று முகத்தைத் தேடினேன். இரண்டும் இருந்தது. தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். மாத்திரைக் குப்பியை மட்டும் திருப்பிக் கொடுத்தேன்.

நாலாம் நாள் வெளிச்சம் வந்ததும் கிளம்பினோம். முதல் ஆள் நான். மரங்கள் முடிந்து புல், புல் முடிந்து வெறும் கல். ஒரு அடி, ஒரு மூச்சு. ஒரு அடி, ஒரு மூச்சு. பின்னால் ஒருவரும் பெருமூச்சு விடவில்லை, நேற்று வாந்தி எடுத்தவன்கூடச் சத்தமில்லாமல் வந்தான். கடைசி ஏற்றத்தில் கால் கனத்து நின்றுவிட்டேன். கீழே பள்ளத்தாக்கிலிருந்து மேகம் பொங்கி ஏறிக்கொண்டிருந்தது.

"என்ன பேயான், இங்கேயே கடை போடப் போறீங்களா?" என்றார் சம்பந்தியம்மா. "ஆடு கூட இல்ல, யாருக்கு விக்கறது?"

"உங்களுக்குத்தான். ஆனா நேத்து மாவுதான், பரவாயில்லயா?" என்றேன். சொல்லிவிட்டு நானே ஆச்சரியப்பட்டேன். ஆறு வருஷத்தில் சம்பந்தியை நான் செய்த முதல் கேலி. அவருக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது, என் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்படியே நடந்தோம்.

பத்தே முக்கால் மணிக்கு ஏரி. வெள்ளை வேட்டிக்கு நீலம் கலந்த தண்ணீர் மாதிரி, ஓரத்தில் பனி. எவ்வளவு மெதுவாக நடந்தால் என்ன, முன்னால் போகிறவள்தானே முதலில் போய்ச் சேருவாள்? எட்டுப் பேரில் முதலில் அந்தத் தண்ணீரைத் தொட்டது நான். இதில் யாரும் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

கால் மணி நேரத்தில் மேகம் வந்து எல்லாவற்றையும் மூடியது. பையன்கள் வெள்ளையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி தலைகளை எண்ணிவிட்டு, இறங்கலாம் என்றார். நான் வரிசையின் முன்னால் போய் நின்று முந்தானையை இழுத்துச் செருகினேன்.

அவர் என் முழங்காலைப் பார்த்தார். பிறகு சம்பந்தியம்மாவின் முழங்காலைப் பார்த்தார். கையை அந்தப் பக்கம் நீட்டினார்.

"இறங்கும்போது இவங்க முதல்ல."

சம்பந்தியம்மா அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். குல்லாயைக் கண் வரைக்கும் இறக்கிக்கொண்டார்.

"நீங்க போங்க சம்பந்தியம்மா, போங்க" என்றேன். "அவசரமே இல்ல."